அந்தப் பெண்ணை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்!

மாலை ஆறரை மணி. ஒரு மகளிர் காவல் நிலையத்தின் வராந்தா பெஞ்சில் காலை பதினோரு மணியிலிருந்து ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஜவுளிக்கடைப் பை. பைக்குள் ஆதார் நகல், ரேஷன் கார்டு, ஓரம் மடங்கிய கல்யாணப் பத்திரிகை, அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டு. இடது காதுக்குக் கீழே தொடங்கித் தாடை வரை வீங்கியிருக்கிறது. நாலு வயதுப் பையன் அம்மாவின் தொடையில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். கணவனை வரவழைத்து உள்ளே விசாரித்தாயிற்று. "இனிமே கை வைக்க மாட்டேன் மேடம்" என்று அவனும் சொல்லியாயிற்று. இப்போது ஒரு வெள்ளைத் தாள் வெளியே வருகிறது.

"ஏம்மா, ரெண்டு பேரும் சமாதானமாப் போறோம்னு எழுதிக் கையெழுத்துப் போடு. சின்னப் புள்ளைய வெச்சுக்கிட்டு கோர்ட்டு, கேஸுன்னு எங்க அலைவ?"

அந்தப் பெண் பேனாவை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இன்னிக்கு ராத்திரி அடிச்சா என்ன பண்றது மேடம்?"

"அடிச்சா போன் பண்ணும்மா."

அவ்வளவுதான். கையெழுத்து விழுந்தது. எவன் அடித்தான் என்று சொல்ல நாள் முழுக்கக் காத்திருந்தாரோ, அவன் ஓட்டிய மோட்டார் சைக்கிளின் பின்னாலேயே, தூங்கும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அந்தப் பெண் வீடு திரும்பினார். துணைக்குப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த ஊரின் பெயரையும் நிலையத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் ஒரு நிலையத்தின் தவறாகவும் ஓர் அதிகாரியின் தவறாகவும் இது சுருங்கிவிடும். அப்படிச் சுருக்கக்கூடிய தவறல்ல இது. தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்தில் உள்ள வழக்கறிஞரைக் கேட்டாலும், எந்தப் பெண்கள் அமைப்பைக் கேட்டாலும், அந்த வெள்ளைத் தாளை உடனே அடையாளம் சொல்வார்கள்.

அந்த வெள்ளைத் தாளை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். அதை எழுதி வாங்குவதைச் சாதனையாக நினைக்கும் மனப்பான்மையையும், அதைத் தடுக்க வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு பார்த்துக்கொண்டிருக்கும் அரசையும் கண்டிக்கிறோம்.

அடிபட்ட பெண்களுக்காக வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு செய்தி உண்டு. அடியைப் பொறுத்துக்கொண்டு வாய்மூடி இருந்த நாள்களைவிட, வாய்திறந்த நாளும் வீட்டைவிட்டுக் கிளம்பத் துணிந்த நாளும்தான் அந்தப் பெண்ணுக்கு அதிக ஆபத்தான நாள்கள். 'என்னையே ஸ்டேஷன் வாசல்ல கைகட்டி நிக்க வெச்சிட்டியா' என்ற ஆத்திரம் அன்றிரவு வீட்டுக்குள் வருகிறது. புகார் கொடுத்த பெண்ணுக்குப் பாதுகாப்பு தேவைப்படுவது அந்த ஓர் இரவிலிருந்துதான். அடுத்த மாத வாய்தாவில் கிடைக்கும் பாதுகாப்பு அந்த இரவுக்கு உதவாது.

சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர் நேரடியாகவோ, பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ, அவர் சார்பில் வேறொருவர் மூலமாகவோ நீதித்துறை நடுவரிடம் மனு கொடுக்கலாம் என்கிறது 12ஆம் பிரிவு. மனு வந்த மூன்று நாள்களுக்குள் முதல் விசாரணை நாளைக் குறிக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. முதல் விசாரணையிலிருந்து அறுபது நாள்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும். எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் கொண்டு சேர்க்கப் பாதுகாப்பு அலுவலருக்கு இரண்டு நாள் கொடுக்கிறது 13ஆம் பிரிவு. நடுவர் அனுமதித்தால்தான் அதற்கு மேல் அவகாசம். அந்த இரண்டு நாள்கூடத் தாங்காத நிலைமை என்றால், பெண்ணின் பிரமாணப் பத்திரத்தை மட்டும் வைத்து, எதிர்தரப்பு வரும்வரை காத்திராமல், இடைக்கால உத்தரவு போடலாம் என்கிறது 23ஆம் பிரிவு.

இரண்டு நாள், மூன்று நாள், அறுபது நாள் என்ற இந்தக் கணக்கெல்லாம் அலங்காரத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. புகார் கொடுத்த இரவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பாம்பு கடித்து வந்தவருக்கு யாரும் தேதி கொடுத்து அனுப்புவதில்லை. பாதுகாப்பு உத்தரவும் அந்த வகை மருந்துதான். நேரத்தில் கொடுத்தால் உயிர் காக்கும், நேரம் தவறினால் வெறும் காகிதம்.

அந்த உத்தரவு என்ன செய்யும் என்பதுகூடப் பெரும்பாலான பெண்களுக்குச் சொல்லப்படுவதில்லை. 18ஆம் பிரிவின்படி, வன்முறையில் ஈடுபடக் கூடாது, பிறரை ஏவவும் கூடாது என்று நடுவர் தடை விதிக்கலாம். அந்தப் பெண் வேலை செய்யும் இடத்துக்குள்ளோ குழந்தையின் பள்ளிக்குள்ளோ நுழையக் கூடாது என்று சொல்லலாம். நேரிலோ போனிலோ கடிதத்திலோ தொடர்புகொள்ளக் கூடாது என்று சொல்லலாம். வங்கிக் கணக்கையும் லாக்கரையும் தொடக் கூடாது, சீர்வரிசை நகையை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்று சொல்லலாம். அடைக்கலம் கொடுத்த அம்மாவையும் அண்ணனையும் பக்கத்து வீட்டு அக்காவையும் மிரட்டக் கூடாது என்றும் சொல்லலாம். 19ஆம் பிரிவின் கீழ், அந்தப் பெண்ணை வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது என்பதோடு நிற்காமல், அடித்தவனையே வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லலாம். ஜீவனாம்சம், மருத்துவச் செலவு, குழந்தையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைப்பது, நஷ்டஈடு எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். அடி உதை மட்டும் வன்முறை அல்ல என்று 3ஆம் பிரிவு சொல்கிறது. வசைச்சொல்லும், பாலியல் வற்புறுத்தலும், சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு பஸ் காசுக்குக் கையேந்த வைப்பதும் வன்முறையே. இவ்வளவும் சட்டப் புத்தகத்தில் இருக்க, ஒரு வெள்ளைத் தாளோடு ஒரு பெண்ணை அனுப்பிவைக்க யாருக்கு அதிகாரம் இருக்கிறது?

அந்தப் பையில் இருந்த ஓ.பி. சீட்டுக்கு வருவோம். அதில் ஒரு வரி: 'வீட்டில் வழுக்கி விழுந்ததாகக் கூறுகிறார்.' கணவன் பக்கத்தில் நிற்கும்போது கேட்ட கேள்விக்கு அந்தப் பெண் சொன்ன பதில் அது. வேறென்ன சொல்லியிருக்க முடியும்? காவல் நிலையத்தில் அதே சீட்டைக் காட்டியபோது, "விழுந்ததாத்தானேம்மா போட்டிருக்கு" என்ற கேள்வி திரும்பி வந்தது. மருத்துவமனையில் தொடங்கிய தவறு காவல் நிலையத்தில் ஆதாரமாக மாறிவிட்டது. இந்தச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதிகள் மருத்துவமனைக்கும் ஒரு கடமை வைத்திருக்கின்றன. குடும்ப வன்முறையால் காயப்பட்டு வரும் பெண்ணுக்கு, நடந்ததைப் பதிவு செய்யும் குடும்ப நிகழ்வு அறிக்கை ஏற்கெனவே இல்லையென்றால், மருத்துவமனைப் பொறுப்பாளரே அதற்கான படிவத்தை நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். எத்தனை அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் அந்தப் படிவம் இருக்கிறது? கூட வந்த ஆணை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பெண்ணைத் தனியே விசாரிக்க எத்தனை இடங்களில் ஏற்பாடு இருக்கிறது? சுகாதாரத் துறை பதில் சொல்லட்டும்.

அடுத்து காவல் துறை. 1973இல் பெண்களைக் காவல் பணியில் சேர்க்கத் தொடங்கிய மாநிலம் இது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தன் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்த மாநிலமும் இதுவே. ஆண் காவலர் முன்னால் சொல்லக் கூசுவதைப் பெண் காவலரிடம் சொல்ல முடியும் என்ற நல்ல எண்ணத்தில் பிறந்தவை அந்த நிலையங்கள். அவற்றையே சமாதானக் கடிதம் எழுதி வாங்கும் இடங்களாக மாற்றியது யார்? சட்டத்தின் 5ஆம் பிரிவு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. குடும்ப வன்முறை பற்றிப் புகார் வந்தால், பாதுகாப்பு உத்தரவு கேட்டு மனு கொடுக்கும் உரிமை உண்டு என்பதையும், பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார் என்பதையும், சேவை அமைப்புகள் இருக்கின்றன என்பதையும், இலவச சட்ட உதவி உண்டு என்பதையும், தகுந்த வழக்கில் குற்றப் புகாரும் கொடுக்கலாம் என்பதையும் காவல் அதிகாரி அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும். சொல்வது அவர்கள் விருப்பத்துக்கு விடப்படவில்லை, அது கடமை. அன்று அந்த பெஞ்சில் ஏழரை மணி நேரத்தில் இந்த ஐந்தில் ஒன்றுகூட அந்தப் பெண்ணின் காதில் விழவில்லை.

மாறாக நடந்ததற்குப் பெயர் 'கவுன்சலிங்'. அந்தச் சொல்லையும் சட்டம் சும்மா விட்டுவைக்கவில்லை. நடுவர் உத்தரவிட்டால் ஆலோசனைக்கு அனுப்பலாம் என்கிறது 14ஆம் பிரிவு. அந்த ஆலோசனை எப்படி நடக்க வேண்டும் என்று விதிகள் வகுத்திருக்கின்றன. இனி வன்முறையில் இறங்க மாட்டேன் என்று எதிர்மனுதாரர் உறுதி எழுதித் தர வேண்டும். அடித்ததற்கு எந்த நியாயமும் சொல்ல அவருக்கு அங்கே இடமில்லை என்பதைப் பேச்சு தொடங்கும் முன்பே தெரிவித்துவிட வேண்டும். காவல் நிலைய மேசையில் நடப்பதோ இதற்கு நேர் எதிர். "நீ என்ன பண்ணின, அவர் ஏன் அடிச்சார்?" என்பதுதான் அங்கே முதல் கேள்வி. சோற்றில் உப்பு கூடியதிலிருந்து போனில் யாருடன் பேசினாள் என்பதுவரை அடித்தவன் பட்டியல் போட, அடிபட்டவர் தலைகுனிந்து கேட்க வேண்டும். சட்டம் தடைசெய்த விசாரணையைச் சட்டத்தின் காவலர்களே நடத்துகிறார்கள். கட்டப் பஞ்சாயத்து ஆலமரத்தடியில் நடந்தால் தவறு, காக்கிச்சட்டையின் முன்னால் நடந்தால் சரியா?

பாதுகாப்பு அலுவலர் என்ற பதவிதான் இந்தச் சட்டத்தின் முதுகெலும்பு. அறிக்கை தயாரிப்பது, மனு எழுத உதவுவது, சட்ட உதவிக்கு ஏற்பாடு செய்வது, மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது, தங்க இடம் தேடித் தருவது, நோட்டீஸைச் சேர்ப்பது எல்லாம் அவர் தலையில். அவசரம் என்று தொலைபேசியில் நம்பகமான தகவல் வந்தாலே, காவலரை அழைத்துக்கொண்டு நேரில் போய் அங்கேயே அறிக்கை பதிவு செய்து நடுவரிடம் சேர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மாவட்டம் முழுவதற்கும் ஒருவரை வைத்துக்கொண்டு இது எப்படி நடக்கும்? 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதையேதான் கேட்டது. நாடு முழுவதும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்க, மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் எப்படிப் போதும் என்று கவலை தெரிவித்தது. 2025 மே 20 அன்று, மாவட்ட, வட்ட அளவில் அதிகாரிகளைப் பாதுகாப்பு அலுவலர்களாக அறிவியுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் கெடு விதித்து உத்தரவிட்டது. சட்டம் வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆன பிறகு, அதன் முதல் படியைக் கட்டுங்கள் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது வெட்கக்கேடு. வேறு பத்து வேலை பார்க்கும் ஒருவரின் மேசையில் 'பாதுகாப்பு அலுவலர்' என்று கூடுதலாக ஒரு பெயர்ப் பலகை வைத்துவிட்டு உத்தரவை நிறைவேற்றிவிட்டோம் என்று எந்த மாநிலமும் சொல்லக் கூடாது. 'சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டுத் துறைக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

நீதிமன்றங்களையும் நாம் விட்டுவிட முடியாது. மரியாதையோடு, ஆனால் அழுத்தமாகச் சொல்கிறோம். மூன்று நாளில் வர வேண்டிய முதல் விசாரணை வாரக்கணக்கில் தள்ளிப் போகிறது. வந்த நாளில், 'நோட்டீஸ் சேரவில்லை, கதவு பூட்டியிருந்தது' என்ற குறிப்போடு மறுபடி வாய்தா. அடுத்த முறை, 'பாதுகாப்பு அலுவலர் அறிக்கை வரவில்லை.' அதற்கடுத்த முறை, 'பதிலுரைக்கு அவகாசம்.' நோட்டீஸ் வாங்காமல் ஒளிவது எதிர்தரப்பின் தந்திரம் என்று நீதிமன்றத்துக்குத் தெரியாதா? அந்தத் தந்திரத்தை முறியடிக்கத்தானே 23ஆம் பிரிவு? பாதுகாப்பு அலுவலரின் அறிக்கை இல்லாமலேயே நடுவர் உத்தரவு பிறப்பிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஓராண்டுக்குள் மனு போடவில்லை என்று காலக்கெடுவைக் காட்டி ஒரு பெண்ணின் மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 12ஆம் பிரிவு மனுவுக்கு அந்தக் காலக்கெடு பொருந்தாது என்று அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் திருத்தியது. வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, மருமகளுக்கு அங்கே இடமில்லை என்ற பழைய வாதத்தையும் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தள்ளிவிட்டது. கணவனை வெளியேற்றுவதுதான் வீட்டில் அமைதிக்கு ஒரே வழி என்றால், அவனுக்குப் போக வேறு இடம் உண்டா இல்லையா என்று பார்க்காமல் வெளியேற்றலாம் என்று 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என்.மஞ்சுளா தீர்ப்பளித்தார். மேலே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. கீழே, தாலுகா நீதிமன்றத்து வேப்பமரத்தடியில், பை நிறையக் காகிதத்தோடு அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறார்.

எல்லாம் தாண்டி உத்தரவு கைக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் குடித்துவிட்டு வந்து கேட்டை உதைக்கிறான். அந்தப் பெண் நிலையத்துக்குப் போன் செய்கிறார். "கோர்ட்டு ஆர்டரா? அப்ப கோர்ட்டுலதாம்மா சொல்லணும்" என்று பதில் வருகிறது. இதைவிடப் பெரிய பொய் இல்லை. பாதுகாப்பு உத்தரவை மீறுவது 31ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம். ஓராண்டு வரை சிறை, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். ஜாமீனில் விடத் தேவையில்லாத குற்றம் இது. பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் ஒன்றை மட்டும் வைத்தே குற்றம் நடந்தது என்று நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என்றுகூட 32ஆம் பிரிவு சொல்கிறது. உத்தரவின் நகலை அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கு இலவசமாக அனுப்ப வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. இவ்வளவு வலுவாக எழுதிய சட்டத்தை, இரவுப் பணியில் இருப்பவரின் ஒரு வாக்கியம் செத்த காகிதமாக்கிவிடுகிறது.

இனி, வழக்கமாகச் சொல்லப்படும் சாக்குகளைப் பார்ப்போம்.

'பெண்கள் பொய்ப் புகார் கொடுக்கிறார்கள்' என்பது முதல் சாக்கு. 12ஆம் பிரிவு மனு குற்ற வழக்கு அல்ல. எதிர்மனுதாரர் குற்றம் சாட்டப்பட்டவரும் அல்ல. இது நிவாரணம் கேட்கும் சிவில் தன்மையுள்ள மனு என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜனவரியில் விரிவாக விளக்கியிருக்கிறார். பாதுகாப்பு உத்தரவு யாரையும் சிறையில் தள்ளுவதில்லை. 'அடிக்காதே, மிரட்டாதே, நெருங்காதே' என்கிறது, அவ்வளவே. அடிக்காதவனுக்கு 'அடிக்காதே' என்ற உத்தரவால் என்ன நஷ்டம்? சூழ்நிலை மாறினால் உத்தரவை மாற்றவோ நீக்கவோ இரு தரப்பும் கேட்கலாம். முப்பது நாளுக்குள் மேல்முறையீடும் செய்யலாம். அந்த வழிகளெல்லாம் ஆணுக்குத் திறந்தே இருக்கின்றன. புகார் உண்மையா என்று பார்க்க வேண்டியது நீதிமன்றம். நிலையத்து மேசை அல்ல.

'குடும்பம் பிரிந்துவிடும்' என்பது இரண்டாவது சாக்கு. உண்மை என்னவென்றால், பிரியாமலே பாதுகாப்பு கேட்க ஒரு பெண்ணுக்கு இருக்கும் வழியே இந்தச் சட்டம்தான். விவாகரத்து வேண்டாம், ஜெயில் வேண்டாம், அடி மட்டும் நிற்க வேண்டும் என்று கேட்கும் ஆயிரமாயிரம் பெண்களுக்காகத்தான் இது எழுதப்பட்டது. மனைவிக்கு மட்டுமல்ல, மகனிடம் அடிபடும் தாய்க்கும், அண்ணன் துரத்தும் தங்கைக்கும், மணமாகாமல் சேர்ந்து வாழும் பெண்ணுக்கும் இதில் இடமுண்டு. குடும்பத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு இந்தக் கதவை மூடுகிறவர்கள், அந்தப் பெண்ணுக்கு இரண்டு வழிகளை மட்டுமே மிச்சம் வைக்கிறார்கள்: ஒன்று அடி வாங்குவது, இன்னொன்று ஓடிப்போவது.

'ஆள் பற்றாக்குறை' என்பது மூன்றாவது. ஓராண்டு சொல்லலாம், ஈராண்டு சொல்லலாம். இருபது ஆண்டு சொல்ல முடியாது.

இதன் அளவு தெரியாமல் பேசுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். தேசிய சராசரி நூற்றுக்கு 29தான். பெண்கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் முன்னால் நிற்பதாகப் பெருமைப்படும் மாநிலம் இந்தக் கணக்கிலும் முன்னால் நிற்கிறது. அதே ஆய்வு நாடு தழுவிய இன்னொரு உண்மையையும் சொல்கிறது. வன்முறைக்கு ஆளான பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் யாரிடமும் வாய்திறக்கவே இல்லை. உதவி தேடியவர்கள் நூற்றுக்கு 14 பேர் மட்டுமே. அப்படியென்றால், நிலையத்துப் படியேறி வரும் பெண் சும்மா வந்துவிடவில்லை. 'அனுசரிச்சுப் போம்மா' என்ற அம்மாவைத் தாண்டி, 'நம்ம சாதி சனத்துக்கு முன்னாடி மானம் போகும்' என்ற அப்பாவைத் தாண்டி, 'புள்ளைங்களுக்காகப் பொறுத்துக்கோ' என்ற ஊரைத் தாண்டி வந்திருக்கிறார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவரை அரசே கையைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுபோய் விட்டால், அந்தப் பெண் இன்னொரு முறை வர மாட்டார். பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுப் பெண் முதல் முறைகூட வர மாட்டார்.

ஆகவே, நாம் கோருவது அனுதாபம் அல்ல, திருத்தம். அதையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

காவல் துறைத் தலைமை இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். குடும்ப வன்முறைப் புகார் எதையும் 'சமாதானம்' என்று எழுதி வாங்கி முடித்துவைக்கக் கூடாது. 5ஆம் பிரிவு சொல்லும் உரிமைகளை அச்சடித்த தமிழ்த் தாளில் கையில் கொடுத்து, கொடுத்ததற்குப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். புகார் வந்த அன்றே பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் போக வேண்டும். எதிர்தரப்பு ஆணுடன் அதே மாலையில் ஒரே வண்டியில் பெண்ணை அனுப்புவதை அடியோடு நிறுத்த வேண்டும். போக இடம் இல்லை என்றால் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கோ காப்பகத்துக்கோ நிலைய வாகனத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை, வட்டம்தோறும் முழுநேரப் பாதுகாப்பு அலுவலரை நியமிக்க வேண்டும். அவருக்கு வாகனமும், இரவிலும் எடுக்கப்படும் தொலைபேசியும் தர வேண்டும். அவர் எண்ணையும் 181 உதவி எண்ணையும் நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் ரேஷன் கடைகளிலும் எழுதிவைக்க வேண்டும். கடமை தவறும் பாதுகாப்பு அலுவலருக்கு ஓராண்டு வரை தண்டனை உண்டு என்கிறது 33ஆம் பிரிவு. ஆனால் வழக்குத் தொடர மாநில அரசின் முன் அனுமதி வேண்டும். வேலை செய்ய முடியாத அளவு சுமையை ஏற்றிவிட்டு அந்த அலுவலரைத் தண்டிப்பது நியாயமல்ல. சுமையைக் குறைத்த பிறகும் தவறுகிறவரைக் காப்பாற்றுவதும் நியாயமல்ல.

சென்னை உயர் நீதிமன்றம், இந்தச் சட்டத்தின் கீழ் வரும் மனுக்களுக்கென்று மாதாந்திரக் கணக்கை ஒவ்வொரு நடுவரிடமும் கேட்டு வாங்க வேண்டும். மூன்று நாளைத் தாண்டிய முதல் விசாரணைக்கும், அறுபது நாளைத் தாண்டிய மனுவுக்கும் காரணம் எழுதப்பட வேண்டும். 23ஆம் பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவு கேட்கும் மனுவை, தாக்கல் செய்த அன்றே படித்துப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். மறுப்பதானால் மறுத்ததற்குக் காரணம் வேண்டும்.

சுகாதாரத் துறை, காயத்தோடு வரும் பெண்ணைத் தனியே விசாரிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். அறிக்கைப் படிவத்தை அவசரப் பிரிவின் மேசையில் வைக்க வேண்டும். வருமானம் எவ்வளவாயினும் எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு என்பதையும், அதற்கு 15100 என்ற எண் இருப்பதையும் சட்டப்பணிகள் ஆணைக்குழு முகாம் பேனரில் எழுதுவதோடு நிறுத்தாமல், மகளிர் காவல் நிலையங்களுக்கே வழக்கறிஞரை அனுப்ப வேண்டும்.

உத்தரவு பிறந்த அன்றே நகல் நிலையத்துக்குப் போக வேண்டும். இரவுப் பணியில் இருப்பவர் கையெட்டும் இடத்தில் அந்த உத்தரவுகளின் பதிவேடு இருக்க வேண்டும். மீறல் என்று அழைப்பு வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும், 'கோர்ட்டுக்குப் போ' என்ற பதிலைச் சொன்னவர் மீது துறை நடவடிக்கை வர வேண்டும்.

இவற்றில் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. இருக்கும் சட்டத்தை அதில் எழுதியிருக்கிறபடி நடத்தினால் போதும். செய்கிறோம் என்று அரசு சொன்னால், மாவட்ட வாரியாக எத்தனை மனு வந்தது, எத்தனை நாளில் முதல் விசாரணை, எத்தனை இடைக்கால உத்தரவு, எத்தனை மீறல் வழக்கு என்ற கணக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கட்டும். அந்தக் கணக்கை நாம் வரி வரியாகப் படிப்போம்.

படிக்கிற ஒவ்வொருவருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. குடும்ப வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம் என்கிறது 4ஆம் பிரிவு. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மீது எந்தப் பொறுப்பும் விழாது. பக்கத்து வீட்டில் இரவு கேட்கும் சத்தத்துக்கு டி.வி.யின் ஒலியைக் கூட்டிவைக்காதீர்கள். அடிபட்டு வந்த மகளை, 'எங்க போனாலும் இதான்' என்று மறுநாள் பஸ் ஏற்றி அனுப்பாதீர்கள்.

"இன்னிக்கு ராத்திரி அடிச்சா என்ன பண்றது மேடம்?" அந்தப் பெண் கேட்டது ஓர் அதிகாரியிடம் அல்ல, தமிழ்நாட்டு அரசிடம். இந்தக் கேள்விக்குச் சட்டம் இருபது ஆண்டுக்கு முன்பே பதில் எழுதிவைத்திருக்கிறது: 'நீ அவனோடு போக வேண்டாம். அவன் உன்னை நெருங்கக் கூடாது என்று நாளைக்கே நடுவரிடம் கேட்போம். அதுவரை நீ எங்கள் பொறுப்பு.' இதைச் சொல்ல வேண்டிய வாய்தான் "போன் பண்ணும்மா" என்று சொல்லி அனுப்பியது. அந்த வாயைத் திருத்துங்கள். இன்று மாலையும் எங்கோ ஒரு வராந்தா பெஞ்சில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, அதே கேள்வியோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.